பழைய இரும்பைப் படம் பிடித்தவர்கள்

1942 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் இருந்த டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் ஆல்ஃப்ரெட் பால்மர் எடுத்த வண்ணப் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதிக்குள் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஏ-20 விமானங்களின் கண்ணாடி மூக்குகள் வரிசையாக நிற்க, பெண்கள் அவற்றைத் துடைத்து மெருகேற்றுகிறார்கள். அதே மாதம், அதே தொழிற்சாலையின் முற்றத்தில் பால்மர் எடுத்த இன்னொரு படம் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழைய பொருள் சேகரிப்பு இயக்கத்தின் விளம்பரத்துக்காக, உலோகக் கழிவுகளுக்கு நடுவில் ஓர் இளம்பெண் போஸ் கொடுக்கும் படம் அது.

எல்லாம் ஒரே அரசாங்கக் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பைப் புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாகிறது. ஒரு பக்கம் வீட்டிலிருந்து வரும் ஓட்டை உடைசல், மறுபக்கம் பளபளக்கும் விமானம், கப்பல், டாங்கி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர் நடுவில் இருக்கும் பாதையைத் தானே கற்பனை செய்துகொள்வார். ‘நான் கொடுத்த சட்டிதான் அந்த இறக்கை’ என்று அவர் நம்ப வேண்டும். இந்தப் படங்களின் முதல் வேலை அதுதான். நடுவில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

முதலில், எடுத்தவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1935ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, நொடித்துப்போன விவசாயிகளுக்கு உதவ ஒரு மறுகுடியேற்றத் துறையைத் தொடங்கியது. அதன் புகைப்படப் பிரிவை ராய் ஸ்ட்ரைக்கர் நடத்தினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர் அவர், புகைப்படக்காரர் இல்லை. டொரோதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், ரஸ்ஸல் லீ எல்லாரும் அவருக்காக வேலை பார்த்தவர்கள். வறட்சி, புழுதிப் புயல், நிலம் இழந்து வண்டி கட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் என்று அமெரிக்காவின் ஏழ்மையை உலகுக்குக் காட்டிய படங்கள் இந்தப் பிரிவில் பிறந்தவை. 1937ல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குள் போனது. 1942 அக்டோபரில் போர்த் தகவல் அலுவலகத்தோடு சேர்க்கப்பட்டது. பால்மர், ஹோவர்ட் ஹோலம் போன்றவர்கள் வேறு பாதையில் வந்தவர்கள். தொழிற்சாலை உற்பத்தியை விளம்பரப்படுத்திய இன்னொரு அரசுப் பிரிவில் இருந்தவர்கள், போர்த் தகவல் அலுவலகம் உருவானபோது ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஆக, அந்தக் கோப்பில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று கஷ்டத்தைப் பார்த்துப் பழகிய கண். இன்னொன்று இயந்திரத்தை அழகாகக் காட்டப் பழகிய கண்.

போர் வந்ததும் முதல் பள்ளியும் மாறத்தான் வேண்டியிருந்தது. 1942ல் ஸ்ட்ரைக்கர் தன் ஆட்களுக்கு எழுதிய குறிப்பு பிரபலமானது. இந்த நாட்டை உண்மையிலேயே நம்புகிறவர்கள் போலத் தெரியும் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் படங்கள் உடனே வேண்டும் என்று கேட்டார். நம் கோப்பைப் பார்த்தால் அமெரிக்காவே ஒரு முதியோர் இல்லம் போலத் தெரிகிறது என்றும் வருத்தப்பட்டார். ஏழு வருடமாக வறுமையைத் தேடிப் போகச் சொன்ன அதே மனிதர் இப்படி எழுதினார் என்றால், மேலே இருந்து எவ்வளவு அழுத்தம் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். துறை பிழைக்க வேண்டும், கோப்பு அழியாமல் இருக்க வேண்டும். அதற்காக அவர் கொடுத்த விலை இது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி படத்தின் நுட்பம். பால்மரின் வண்ணப் படங்களில் முகத்தில் ஒரு பொன்னிற ஒளி, பின்னால் அடர்ந்த இருட்டு, துணியின் ஒவ்வொரு இழையும் தெரியும் துல்லியம். சினிமா ஸ்டில் மாதிரி இருக்கும். இதற்குக் கலை ரசனை ஒரு காரணம் என்றால், ஃபிலிம் இன்னொரு காரணம். கோடாக்ரோம் 1935ல்தான் சந்தைக்கு வந்தது. அதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், இன்றைய கணக்கில் ஐ.எஸ்.ஓ 10 அளவில்தான் இருக்கும். உங்கள் கைப்பேசி சாதாரணமாக வீட்டுக்குள் ஐ.எஸ்.ஓ 400, 800 என்று எடுத்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு மந்தமான ஃபிலிமை வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் தற்செயலாக ஒரு நொடியைப் பிடிக்க முடியாது. விளக்குகளை வைக்க வேண்டும், பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்த வேண்டும், ‘கொஞ்சம் அசையாமல் இருங்கள், டிரில்லை அப்படியே பிடியுங்கள்’ என்று சொல்ல வேண்டும். வேலை உண்மை, வேலை செய்கிறவர் உண்மை. அந்தக் கணம் மட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது. இது தெரியாமல் அந்தப் படங்களை ‘போலி’ என்று ஒதுக்குவதும் தவறு, ‘அப்படியே நடந்தது’ என்று நம்புவதும் தவறு.

அப்புறம் பழைய பொருள் கதை. இதில் நமக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளும் போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரேயடியாக நின்றது. மலாயா தோட்டங்களில் அந்த ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஜப்பானிய ஆட்சியில் அவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, திரும்பி வராமலே போனார்கள். நேச நாடுகளின் கையில் மிஞ்சிய முக்கியமான ரப்பர் நிலம் இலங்கை. அங்கே மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, வெட்டும் அளவுக்குப் பால் வெட்டுங்கள் என்று அரசே ஊக்கப்படுத்தியது.

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். 1942 ஜூன் 15 முதல் பழைய ரப்பரைக் கொண்டுவந்து பெட்ரோல் நிலையங்களில் கொடுங்கள், பவுண்டுக்கு ஒரு சென்ட் தருகிறோம் என்றார். இரண்டு வாரம் என்று அறிவித்து, ஜூலை 10 வரை நீட்டித்தார்கள். பழைய டயர், தண்ணீர்க் குழாய், மழைக்கோட்டு, வெந்நீர்ப் பை, ரப்பர் செருப்பு என்று சுமார் 4.5 லட்சம் டன் சேர்ந்தது. படம் எடுக்கக் கேட்கவா வேண்டும்? பெட்ரோல் பம்பை மறைக்கும் உயரத்துக்கு டயர் மலை, அதன் உச்சியில் சிறுவர்கள். இந்த மாதிரிப் படம் ஊருக்கு ஊர் எடுக்கப்பட்டது.

ஆனால் பழைய ரப்பரை உருக்கி மீட்டெடுத்தால் கிடைப்பது தரம் குறைந்த ரப்பர். ஏற்கனவே ஒருமுறை கந்தகம் சேர்த்து வேகவைத்த பொருள் அது, அதிலிருந்து புதிய ராணுவ டயர் செய்துவிட முடியாது. ரப்பர் பஞ்சத்தை உண்மையில் சமாளித்தவை வேறு இரண்டு. ஒன்று, பெட்ரோல் ரேஷன். நிதியாளர் பெர்னார்ட் பரூக் தலைமையிலான அரசுக் குழு 1942 செப்டம்பரில் தந்த பரிந்துரையின் பேரில், டிசம்பர் 1 முதல் அது நாடு முழுக்க வந்தது. பெட்ரோல் போதாமல் வந்ததல்ல இந்த ரேஷன். வண்டி ஓடினால் டயர் தேயும் என்பதுதான் காரணம். வேகமும் மணிக்கு 35 மைல் என்று கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டாவது, அரசுப் பணத்தில் எழுந்த செயற்கை ரப்பர் ஆலைகள். போரின் முடிவுக்குள் அவற்றின் உற்பத்தி ஆண்டுக்கு 7 லட்சம் டன்னைத் தொட்டது. சோகம் என்னவென்றால், ஓடாமல் நிற்கும் காரைப் படம் எடுத்தால் யாருக்கும் மனம் சிலிர்க்காது. டயர் மலை சிலிர்க்க வைக்கும். படக் கோப்பில் எது அதிகம் இருக்கிறது என்பதை வைத்து எது அதிகம் பயன்பட்டது என்று முடிவுகட்ட முடியாது.

அலுமினியமும் அப்படித்தான். 1940 ஜூலையில் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, உங்கள் சட்டி பானைகளைக் கொடுங்கள், அவற்றை ஸ்பிட்ஃபயர் விமானங்களாக மாற்றுகிறோம் என்று பெண்களிடம் வேண்டினார். ஒரு வருடம் கழித்து, தான் போரில் இறங்குவதற்கு முன்பே, அமெரிக்காவும் அதே மாதிரி அலுமினியச் சேகரிப்பு நடத்தியது. ஊர்ச் சதுக்கத்தில் கம்பி வேலி கட்டி, அதற்குள் பாத்திரங்களைக் கொட்டச் சொன்னார்கள். வீட்டுப் பாத்திரங்கள் பல தரப்பட்ட கலவைகள்; பிடி ஒரு உலோகம், ஆணி ஒரு உலோகம். விமானத் தகட்டுக்கு வேண்டிய துல்லியமான கலவையை அதிலிருந்து எடுப்பது பெரும்பாடு. அவற்றில் பெரும்பகுதி தரம் குறைந்த வேறு வேலைகளுக்குத்தான் போயிருக்க முடியும்.

இரும்பு கதை வேறு. இங்கேதான் நான் சேகரிப்பு இயக்கத்தின் பக்கம் நிற்பேன். அன்றைய எஃகு உலைகளில் உருக்கப் போடுவதில் ஏறத்தாழ பாதி பழைய இரும்பு. அது வராவிட்டால் உலை அணைய வேண்டியதுதான். 1930களில் அமெரிக்காவின் பழைய இரும்பை ஜப்பான் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தது. 1940 அக்டோபரில்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆக, 1942ல் உலைகள் முழு வேகத்தில் ஓடியபோது கையிருப்பு கரைந்தது. அந்தக் கோடையில் நெப்ராஸ்காவின் ஓமஹா வேர்ல்ட்-ஹெரால்ட் பத்திரிகையின் வெளியீட்டாளர் ஹென்றி டோர்லி மாவட்டங்களுக்கு இடையே ஒரு போட்டியாக இரும்புச் சேகரிப்பை நடத்தினார். அது நாடு முழுக்கப் பரவியது, 1943ல் அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. துருப்பிடித்த கலப்பை, பழைய கார், பெயர்த்தெடுத்த டிராம் தண்டவாளம், நினைவுச் சின்னமாக நின்ற பீரங்கி எல்லாம் குவிந்தன. 1898 ஸ்பானியப் போரில் புகழ்பெற்ற ‘ஓரிகன்’ போர்க்கப்பலையே உடைக்கக் கொடுத்தார்கள்.

தகர டப்பா சேகரிப்பின் படங்கள் எனக்குத் தனியாகப் பிடிக்கும், ஏனென்றால் அவை சமையல் குறிப்பு போலச் செயல்படுகின்றன. டப்பாவைக் கழுவு, காகிதத்தைக் கிழி, இரண்டு மூடிகளையும் வெட்டி உள்ளே போடு, காலால் மிதித்துத் தட்டையாக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். மூடியை ஏன் வெட்டச் சொன்னார்கள்? தகரத்தின் மேல் பூசியிருக்கும் வெள்ளீயத்தை ரசாயனத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். உள்ளேயும் கரைசல் தடையில்லாமல் பட வேண்டும், லாரியில் இடமும் மிச்சமாக வேண்டும். அந்த வெள்ளீயமும் மலாயாவில் இருந்து வந்துகொண்டிருந்ததுதான். பற்பசைக் குழாயிலும் வெள்ளீயம் இருந்ததால், 1942 ஏப்ரல் முதல் பழைய குழாயைக் கொடுத்தால்தான் கடையில் புதுப் பற்பசை தந்தார்கள்.

கொழுப்பும் இதே வகை. ஆன் ரோஸ்னர் என்ற பெண் புகைப்படக்காரர் போர்த் தகவல் அலுவலகத்துக்காக இதைப் படமாக்கினார். வறுத்த சட்டியில் மிஞ்சிய கொழுப்பை இல்லத்தரசி வடிகட்டுகிறார், டப்பாவில் சேர்க்கிறார், கறிக்கடைக்காரர் அதை நிறுத்து வாங்குகிறார். கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினில் இருந்து வெடிமருந்து. முதலில் காசு மட்டும் கொடுத்தார்கள். கொழுப்பு போதிய அளவு வராததால் 1943 டிசம்பரில் காசோடு கறி ரேஷன் புள்ளியும் சேர்த்துக் கொடுத்தார்கள். நாட்டுப்பற்றைப் படம் பிடித்துக் காட்டுவது ஓரளவுக்குத்தான் வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, இந்தச் சங்கிலியின் நடுவில் யார் இருந்தார்கள்? நம்மூர்ப் பேச்சில் காயலாங்கடைக்காரர்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தன. முற்றத்தில் தரம் பிரித்தவர்கள், வெட்டியவர்கள், சுமந்தவர்களில் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களும் அதிகம். வார்ப்பிரும்பைத் தனியாக, உருக்கைத் தனியாக, செம்பைத் தனியாகப் பிரித்து, உலை வாய்க்குள் போகும் அளவுக்கு வெட்டிக் கொடுத்தால்தான் ஆலை வாங்கும். ஊர் மக்களுக்கோ, நாம் இலவசமாகக் கொடுத்ததை இவன் விற்றுக் காசாக்குகிறானே என்ற கோபம். குவியல்கள் வாரக்கணக்கில் கிடந்தபோது அந்தக் கோபம் கூடியது. ஆனால் தரம் பிரிக்கும் அந்த உழைப்பு இல்லாமல் குவியல் வெறும் குவியல்தான். சிறுவர்கள் தள்ளுவண்டியில் இரும்பு இழுத்து வரும் படங்களோடு ஒப்பிட்டால், இந்த முற்றங்களுக்குள் நின்று எடுத்த படங்கள் குறைவு. இருப்பவை அருமையானவை. மொன்டானாவின் பியூட் நகரத்தில் 1942 அக்டோபரில் ஒரு பழைய பொருள் கிடங்கை ரஸ்ஸல் லீ வண்ணத்தில் எடுத்திருக்கிறார். விளம்பரப் பெண் இல்லை, கொடி இல்லை. பொருள் பொருளாகவே கிடக்கிறது.

பெண் தொழிலாளர் படங்களிலும் இந்த இரண்டு பள்ளிகளின் வித்தியாசம் தெரியும். 1943 பிப்ரவரியில் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் பால்மர் எடுத்த ஒரு படம்: தலையில் துணி கட்டிய ஒரு கறுப்பினப் பெண், கையில் டிரில், கண் முழுக்க வேலையில். பின்னணி இருண்டு கிடக்கிறது. உலகப் போரின் மிக அழகான உருவப்படங்களில் ஒன்று அது என்பேன். அவர் துளை போட்டுக்கொண்டிருந்தது ‘வெஞ்சன்ஸ்’ என்ற செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானத்துக்கு. அந்த விமானத்தை அமெரிக்கப் படை சண்டையில் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்திய விமானப்படைகள்தான் ஓட்டின. 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் வெஞ்சன்ஸில் பறந்துதான் பர்மா போர்முனைக்குப் போனது. படத்தின் குறிப்பில் விமானத்தின் பெயர் எழுதியிருப்பதால்தான் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு நாஷ்வில்லில் இருந்து திருச்சி வரை வர முடிகிறது.

இதற்குப் பக்கத்தில் ஜாக் டெலானோ 1943 ஏப்ரலில் அயோவாவின் கிளின்டன் ஊரில் எடுத்ததை வையுங்கள். சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின் கொட்டகையில் நீராவி எஞ்சின்களைத் துடைக்கும் பெண்கள், ஓய்வறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஓவரால்ஸ், தலையில் கட்டிய துணி, களைப்பு. இவர்கள் யாரும் நட்சத்திரம் மாதிரித் தெரியவில்லை. எஞ்சின் துடைப்பது கரியும் எண்ணெயுமான வேலை என்பது அந்த அறையைப் பார்த்தாலே புரிகிறது. டெலானோவும் கோடாக்ரோமில்தான் எடுத்தார், அவருக்கும் அவர்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அவர் தேர்ந்தது சாப்பாட்டு நேரத்தை. தொழிலைப் பற்றிய படத்துக்குத் தொழில் நின்றுபோன அரைமணி நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்தக் கோப்பை வெறும் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடியாததற்கு இன்னொரு காரணம், அரசுக்குச் சங்கடமானதும் இதற்குள் இருக்கிறது. 1941 ஜூனில் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து ஆணை போட்டார். நாஷ்வில் படம் அந்த ஆணையின் நல்ல முகம். 1942 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில், கறுப்பினத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சோஜோர்னர் ட்ரூத் குடியிருப்புக்குள் அவர்களை விடமாட்டோம் என்று வெள்ளையர்கள் கலவரம் செய்தார்கள். எங்கள் வெள்ளையர் பகுதிக்கு வெள்ளைக் குடித்தனக்காரர்களே வேண்டும் என்று எழுதி அமெரிக்கக் கொடிகளோடு நிறுத்திவைத்திருந்த பலகையை ஆர்தர் சீகல் படம் எடுத்தார். அதுவும் இதே கோப்பில்தான். டொரோதியா லாங் வேறொரு அரசுத் துறைக்காக, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் வீடுகளைவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டதை எடுத்தார். அந்தப் படங்களைப் போர் முடியும்வரை வெளியே விடாமல் ராணுவம் முடக்கியது.

இவ்வளவும் நமக்குத் தெரிய வருவது படத்தின் கீழே உள்ள குறிப்புகளால். ஸ்ட்ரைக்கர் இதில் கறாரானவர். இடம், மாதம், என்ன வேலை, என்ன பொருள் என்று எழுதி அனுப்பச் சொல்வார். குறிப்பு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேறு கோப்பின் படம் உதாரணம். 1942ல் கலிஃபோர்னியாவின் அலமீடா கடற்படை விமானத் தளத்தில், புள்ளி போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கடைசல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணைச் செய்தி நிறுவனம் ஒன்று படம் எடுத்தது. புஜத்தை மடக்கிக் காட்டும் பெண்ணின் புகழ்பெற்ற சுவரொட்டிக்குத் தூண்டுதல் இந்தப் படமாக இருக்கலாம் என்று பலர் கருதினார்கள். பல ஆண்டுகள் அந்தப் பெண் வேறொருவர் என்றே உலகம் நம்பியது. ஜேம்ஸ் கிம்பிள் என்ற பேராசிரியர் பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தார், பின்புறம் குறிப்பு ஒட்டியிருந்தது. அதில் நயோமி பார்க்கர் என்ற பெயர் இருந்தது. அவருக்கு அப்போது 90 வயது தாண்டியிருந்தது. 2018ல் இறப்பதற்கு முன், படத்தில் இருப்பது தான்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்த்துவிட்டுப் போனார்.

1943ல் நாடாளுமன்றம் போர்த் தகவல் அலுவலகத்தின் உள்நாட்டு வேலைகளுக்கான பணத்தை வெட்டியது. ஸ்ட்ரைக்கர் விலகி ஒரு எண்ணெய் நிறுவனத்துக்குப் போனார். போகும் முன் அவர் பட்ட கவலையெல்லாம் கோப்பு சிதறிவிடக் கூடாது என்பதுதான். 1944ல் அது முழுதாகக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது: சுமார் 1,75,000 கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள், சுமார் 1,600 வண்ணப் படங்கள். வண்ணப் படங்கள் நீண்ட காலம் பலருக்குத் தெரியாமலே கிடந்தன. 2008 ஜனவரியில் நூலகம் அவற்றை ஃபிளிக்கரில் போட்ட பிறகுதான் எல்லார் திரைக்கும் வந்தன.

அரசு ஊழியர்கள் எடுத்த படங்கள் என்பதால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு கிடையாது. நூலகத்தின் தளத்தில் பெரிய அளவிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பகிரப்பட்டு வரும் ஒற்றைப் படத்தோடு நின்றுவிடாமல், அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் திறந்து பாருங்கள். பல சமயம், பக்கத்து எண்களில் அதே இடத்தின் அடுத்தடுத்த படங்கள் கிடைக்கும். போஸ் கொடுத்தவர் தெரிந்த பிறகு, அந்த முற்றத்தில் வேறு யாரெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் சில நேரம் தெரியவரும்.